வாசலில் திறந்திருந்த பை

2006-ஆம் வருடக் கோடை. ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குச் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. விண்ணப்பங்களோடு வரும் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற மேஜை என்னுடையது. முத்திரை ஏன் மங்கலாக இருக்கிறது, கையெழுத்து ஏன் இப்படி வளைகிறது என்று பார்த்துப் பார்த்து வீட்டிலும் அதே கண்தான். பால் பாக்கெட்டைக்கூட நாலு முறை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். "சாமியே நேர்ல வந்தாலும் நீ ரேஷன் கார்டு கேப்பே" என்று கணவர் கிண்டல் செய்வார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டதில் இரண்டு கால்களும் விறைத்துப் போயிருந்தன. பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் வாயடிப்பதில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். உட்கார வைத்தால் உட்காருவாள். ஒருநாளும் நின்றதில்லை.

அவளுக்குப் பிசியோதெரபி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வருவாள். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா பிற்பாடு அங்கே இருக்கிற ஒரு தொழிற்சாலையில் மரப்பெட்டி அடிக்கிற வேலைக்குப் போனார். அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது இந்தப் பெண்தான். வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, தொடு உணர்ச்சி பழகுவதற்காக மகளின் உள்ளங்காலைத் தேங்காய் நாரால் தேய்ப்பது.

"இன்னாக்கா, பாதம் இன்னும் பச்சக் கொயந்த பாதமாவே கீது. தரை படணுங்க்கா" என்பாள்.

எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் பிள்ளை நிற்காததைக் குத்திக் காட்டுகிறாளோ என்று நினைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி. முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாம், நடக்காத பிள்ளைகள் எல்லாம் நடக்கிறார்களாம். நான் சும்மா விடுவேனா? அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். எடுத்தவர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை.

"மேடம், உங்களை மாதிரி கேள்வி கேக்கறவங்கதான் எங்களுக்கு வேணும். இப்போ நம்பாதீங்க. வந்து பார்த்துட்டு நம்புங்க" என்றார்.

அந்த இடத்தில் விழுந்தேன். என் சந்தேக புத்தியைப் பாராட்டின முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு அவரைச் சந்தேகப்படவே எனக்குத் தோன்றவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். கணவர் மறைமலைநகர்ப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்க ஆள் பார்த்தார். மகள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒருநாள் சாப்பாடு ஊட்டும்போது, "போம்போது நீ என்னைத் தூக்கிக்கோம்மா. வரும்போது நான் நடந்து வரேன். உன் ஹேண்ட்பேக்கையும் நானே தூக்கிக்கறேன்" என்றாள். அந்தச் சோற்றுக் கையோடு எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன்.

பிசியோ பெண்ணிடம் சொன்னபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"வாணாங்க்கா. முதுகுல ஊசின்னா வெளயாட்டு இல்ல. அது நல்லது பண்ணுமா கெட்டது பண்ணுமான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. பாப்பா ஃபைலைக் குடுங்க, நான் வேல கத்துக்கினப்ப இருந்த பெரிய டாக்டராண்ட காட்டிக் கேட்டுகினு வரேன்."

ஃபைலைக் கொடுத்தேன். கொடுத்த நிமிடத்திலிருந்து எனக்கு நெஞ்சு அரிக்கத் தொடங்கியது. இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? என் பெண் நடந்துவிட்டால் இவளுக்கு இங்கே என்ன வேலை? பத்து நாள் ஆகியும் ஃபைல் வரவில்லை. "டாக்டர் ஊர்ல இல்லக்கா" என்றாள். அங்கே போன்காரர் ஸ்கேன் படம் கேட்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவிடுக்கு வழியாக ஒன்றைப் பார்த்தேன். ஒரு வெள்ளை நூலை எடுத்து மகளின் முட்டிவரை ஒரு முடிச்சு, இடுப்புவரை ஒரு முடிச்சு, மார்புவரை ஒரு முடிச்சு என்று போட்டு, சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். படித்தவள்தான் நான், அரசு ஊழியர்தான். ஆனாலும் செய்வினை என்றுதான் முதலில் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் கை கழுவப் போன நேரத்தில் அவளுடைய பையைத் திறந்து துழாவினேன். சாப்பாட்டு டப்பா, ரயில் சீசன் டிக்கெட், சின்ன பைபிள். அடியில் அந்த நூல். அதோடு என் மகள் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. நான் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்துவிட்டாள்.

"அளவு எடுத்தேங்க்கா, எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள்.

அவளைப் பேச விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். என் பிள்ளை முடமாகவே கிடந்தால்தான் உனக்குப் பிழைப்பு ஓடுமா என்றுகூடக் கேட்டேன். இனிமேல் வராதே என்றும் சொன்னேன். அவள் சீட்டையும் நூலையும் என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து ஃபைல் பக்கத்து வீட்டில் வந்து கிடந்தது. உள்ளே டாக்டரின் கடிதம் இருந்தது. இவள் சொல்லி எழுத வைத்ததாக இருக்கும் என்று அதை நான் பிரிக்கவே இல்லை.

அந்த வாரமே, வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் பெற்றோருக்கு வைத்திருந்த கூட்டம். நெம்மேலி தாண்டி, மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரமாக ஒரு விடுதி. குளுகுளு அறை, தட்டில் பிஸ்கட். எங்களைப் போலவே மடியில் பிள்ளையோடு நிறையப் பேர். போன்காரர் டையோடு வந்து என் மகளின் கன்னத்தைக் கிள்ளினார். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் போட்டார்கள்.

ஒரு பையன் கட்டிலில் படுத்திருக்கிறான். "பிறந்ததிலிருந்து தரையில் கால் ஊன்றாத குழந்தை" என்று ஒரு குரல். அடுத்து ஊசி, டாக்டர்கள். அடுத்து அதே பையன் தோட்டத்தில் நடக்கிறான். அறையில் எல்லோரும் விசும்புவது கேட்டது. கணவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். இரண்டாவது தடவை போட்டார்கள். பையன் கட்டிலில் கிடப்பதைக் கால்மாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். உள்ளங்கால்கள் இரண்டும் திரையில் பெரிதாகத் தெரிந்தன.

குதிகால் தடித்து, வெடித்து, வெடிப்பில் கறுப்பாக மண் ஏறியிருந்தது.

குனிந்து என் மகளின் பாதத்தைப் பார்த்தேன். ஏழு வயதுக் கால், ஒரு கீறல் இல்லாமல் ரோஜா நிறத்தில் இருந்தது. 'பச்சக் கொயந்த பாதமாவே கீது' என்கிற குரல் காதில் கேட்டது. தரையே தொடாத காலுக்கு வெடிப்பு எங்கிருந்து வரும்?

எழுந்து, படத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். "அந்தப் பையன் இதுக்கு முன்னாடியே நடந்திருக்கான் சார். காலைப் பாருங்க" என்றேன். போன்காரர் சிரித்த முகம் மாறாமல், "மேடம், கொஞ்சம் பாசிட்டிவா யோசிங்க. டைம் இல்ல, அடுத்து டாக்டர் பேசணும்" என்றார். கேள்வி கேட்பவர்கள்தான் வேண்டும் என்று சொன்ன அதே வாய். முன் வரிசையில் ஒரு தாய் திரும்பி, "ஒங்களுக்கு வாணாம்னா போய்கினே இரும்மா. எங்க நம்பிக்கையை ஏன் கெடுக்கற?" என்றாள். அவள் மடியில் என் மகளைவிடப் பெரிய பையன்.

வெளியே வந்தோம். விடுதிக்குப் பின்னால் கடல். கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் விடுவிடுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"உனக்கு எதையுமே நம்பத் தெரியாதா? ஒருவேளை நெஜமா இருந்துட்டா? இவ நிக்கிறதை நீயே கெடுத்ததா ஆயிடாதா?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் முழுசாகப் பதில் கிடையாது.

"அப்போ பிளேன் இல்லியா?" என்றாள் மகள். இல்லை என்றேன். ஓவென்று அழுதாள். சமாதானப்படுத்தத் தெரியாமல் கணவர் அவள் அக்குளைப் பிடித்துத் தூக்கி, ஈர மணலில் பாதம் படும்படி பிடித்தார். அழுகை நின்று, "கூசுதுப்பா!" என்று கத்தினாள். எங்கள் மூன்று பேருக்கும் அன்று சிரிப்பு வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

வீட்டுக்கு வந்து டாக்டரின் கடிதத்தைப் பிரித்தேன். அவள் சொன்னதைத்தான் அவரும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'குழந்தையை மரச்சட்டத்தில் நிற்க வைத்துப் பழக்குவதை உடனே தொடங்கவும்.'

மறுநாளே சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ரயில் ஏறினேன். விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தபோது வாசலில் அவளுடைய அப்பா ஒரு மரச்சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் கழித்த பெட்டி மரம். 'இந்தப் பக்கம் மேலே' என்பதற்குப் போடுகிற அம்புக்குறி ஒரு பலகையில் இன்னும் அழியாமல் இருந்தது. முட்டிக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று. மூன்று முடிச்சும் எனக்கு அங்கே புரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வர வாணான்னுட்டீங்களாமே. பாதில வுட மன்சு வர்லம்மா. அளவு சரியா கீதான்னு பாத்துக்கினு எத்துனு போங்க" என்றார்.

அவள் உள்ளேயிருந்து வந்தாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை.

"திட்னதுகூடப் பரவால்லக்கா. பையைத் தொறந்தீங்க பாருங்க, அதான்..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "பாப்பாவுக்கோசரம் வரேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். மகள் முதல் தடவை அந்தச் சட்டத்தில் நிமிர்ந்து நின்றபோது என் இடுப்புக்கு மேலே இருந்தாள். இவ்வளவு உயரமா என் பெண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போதும் அவள் தனியாக நடப்பதில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து குளியலறைவரை போவாள். அந்த விடுதிக் கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாவைப் பிறகு ரயிலில் பார்த்தேன். "போய்ட்டு வந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் பையன் அப்படியேதான் இருந்தான்.

போன வாரம் மகள், குதிகால் வெடித்து வலிக்கிறது, களிம்பு வாங்கி வா என்று என்னை விரட்டினாள். வாங்கி வந்து, தடவாமல் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குத் திட்டும் வாங்கினேன்.

ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். திரும்பி வரத் தொடங்கிய பிறகு ஆறு மாதம்வரை அந்தப் பெண் தன் பையை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. வாசலில், நான் பார்க்கிற இடத்தில், ஜிப்பைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். யார்மீது எனக்குச் சந்தேகம் எழுந்தாலும், முதலில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது வாசலில் திறந்திருந்த அந்தப் பைதான்.