தாய்வீட்டில் பிறந்த குற்றம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பத்து வருஷம் குடியிருந்தவனைப் பார்த்து, "நீ அந்நியன்" என்று ஆபீசில் பேரேடு எழுதும் ஒரு கிராணி சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கை பரபரத்தது. பின்னால் வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தான். அடக்கிக்கொண்டேன்.

இங்கிலீஷ்காரன் ஆட்சிக்கு வெளியே பிறந்தவனெல்லாம் இங்கே தங்கப் பத்திரம் வாங்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அது சீனர்களுக்கு வந்த தொல்லை, நமக்கென்ன என்றுதான் நாங்கள் இருந்தோம். வேலையிடத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எழுதினார்கள். கிராணி நம்ம ஆள்தான். "எங்கய்யா பொறந்தே?" என்றான். "தலப்பிள்ள இல்லையா, அம்மா வீட்ல, காரைக்கால் பக்கம்" என்று பெருமையாகச் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அப்பாவின் ஊர் தஞ்சாவூர் ஜில்லா, இங்கிலீஷ்காரன் சீமை. அம்மாவின் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. நடுவே ஒரு வாய்க்கால், ஆடுகூடத் தாண்டிவிடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்கும்? அதனால் நான் அந்நியன். மூன்று வருஷம் கழித்து அப்பா வீட்டில் பிறந்த என் தம்பி கிள்ளானில் லோரி ஓட்டினான். அவனை ஒருத்தனும் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப நீ பிரெஞ்சு துரையாண்ணே?" என்று சிரித்தான். அறையலாம் போல வந்தது.

அப்பா இங்கிலீஷ்காரன் சீமையில் பிறந்தவர் என்று சொல்லிப் பார்த்தேன்; அதற்குக் கடுதாசி கேட்டார்கள். அவர் பிறந்தபோது எவன் கடுதாசி எழுதினான்? எட்டு மாதம் செருப்புத் தேய அலைந்தேன். "பத்திரம் கெடைக்கலேன்னா கப்பல்தான்" என்று கிராணி ஒவ்வொரு தடவையும் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை. அவள் தாய்வீடும் காரைக்கால் பக்கம். தெரிந்த குடும்பம் ஒன்று கப்பலேறுகிறது, அவர்களோடு பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று மாமியார் கடிதம் போட்டிருந்தார்.

சூடு கண்ட பூனை நான். "என் பிள்ள இங்கதான் பொறக்கணும். அத எவனும் அந்நியன்னு சொல்லக் கூடாது" என்றேன்.

"பிரசவம் பாக்க இங்க எனக்கு யாரு இருக்கா? பயமா இருக்குங்க" என்று அழுதாள். நான் காது கொடுக்கவில்லை. கப்பல் அவள் இல்லாமலே போயிற்று.

இரண்டு நாள் வலி. பக்கத்து வீட்டு அக்கா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் ரிக்‌ஷா தேடி ஓடினேன். திரும்பி வருவதற்குள் பிறந்துவிட்டது. பெண். அழவில்லை, முனகியது.

மறுநாளே ஓடிப்போய்ப் பதிந்தேன். பிறந்த இடம் கோலாலம்பூர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். என்ன மனுஷன் நான்! அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது.

அடுத்த மாதம் பத்திரம் வந்தது. நான் இந்த நாட்டில் இருக்கலாமாம். தகரப்பெட்டியைத் திறந்து, குழந்தையின் கடுதாசியோடு சேர்த்து வைக்கப் போனேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதத் தொடாதீங்க. அதுல எங்கம்மா ஊரு பேரு இருந்திருந்தா எம்புள்ள இருந்திருக்கும்" என்றாள்.