வால் திரும்பும் பக்கம்

நீளமான சரக்கு ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பும்போது எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் வீசும் என்பது ஒருவருக்கும் தோன்றாது. அந்த வாலைப் பார்த்துக்கொள்வதுதான் நம் ஆளுடைய பிழைப்பு. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு கர்டர்களின் கடைசி முனையில் சிவப்புக் கொடி கட்டுவான். வளைவு வந்தால் இறங்கி, பின்னால் நிற்பவர்களை விரட்டி, இடம் காலியானதும் விசில் ஊதுவான். அது கேட்காமல் டிரைவர் ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். எல்லோருக்கும் அவன் விசில்காரன்தான்.

வீட்டிலும் இதே கூத்து. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கி வந்தால்கூட, பின்னால் யாரும் நிற்காதீர்கள் என்று தெருவையே ஒதுக்கிவிடுவான். நல்லவேளை, ஒட்டடைக் குச்சிக்குக் கொடி கட்டச் சொல்லவில்லை என்று மனைவி கேலி செய்வாள். காரணம் தெரிந்தவள் என்பதால் ரொம்பச் சிரிக்க மாட்டாள்.

விசில் முதலில் அண்ணனிடம் இருந்தது. தம்பியான இவன் அப்போது முன்னால் நடந்து வழி ஒதுக்குவான். ஒரு குறுகலான வளைவில், மதிலோரம், அண்ணன் இடம் பார்த்து விசில் ஊதினான். ஊதிய கையோடு கொடி அவிழ்ந்து விழுந்தது. கொடியில்லாமல் வண்டி போகக்கூடாது என்பது சட்டம். விசில் ஊதியபின் வாலருகே போகக்கூடாது என்பதும் சட்டம்தான். அண்ணன் முதலாவதை நினைத்துக் குனிந்தான். டிரைவர் விசிலை நம்பி வண்டியை எடுத்தார். கர்டர் அண்ணனை மதிலோடு வைத்து நசுக்கியது. யாரைக் குற்றம் சொல்வது?

அன்றிலிருந்து எந்த வளைவானாலும் அண்ணன் வந்துவிடுகிறான். வாலுக்குக் கீழே குந்தி, தரையில் கொடியைத் துழாவுகிறான். அவன் எழுந்து ஒதுங்கும்வரை விசில்காரன் காத்திருப்பான். காலியான இடத்தில் இவன் எதைப் பார்க்கிறான் என்று பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் திட்டுவார்கள். அண்ணனைக் கண்டு அவனுக்குப் பயமில்லை. ஒருநாள் எழாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

அந்த மதில் பக்கம் அதற்குப்பின் அவர்கள் போனதில்லை. புறவழிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஒரு பட்டப்பகலில் அந்த வழியாகவே போக வேண்டியதாயிற்று.

அண்ணன் மதிலோரம் குந்தியிருந்தான். விசில்காரன் காத்திருந்தான். அண்ணன் எழவில்லை. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. ஒரு பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, இங்கேயே குடித்தனம் நடத்தப் போகிறீர்களா என்று கேட்டார். விசில் உதட்டில்தான் இருந்தது. ஊதினால் அண்ணனைத் தன் கையாலேயே கொன்றதாகிவிடுமே என்று அவனுக்கு மூச்சே வரவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். அண்ணன் செத்த அன்று வண்டி ஓட்டியவரும் அவர்தான். உறவில்லை என்றாலும் அண்ணன் தம்பி இருவருக்கும் மாமா. திட்டப் போகிறார் என்று நினைத்தான். அவர் மதிலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"எழுந்திருக்க மாட்டேங்கறானா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலம் இது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தான்.

"எனக்கும் கண்ணாடியில தெரியறான்டா. உன் விசில் கேட்டாத்தான், ஒதுங்கிட்டான்னு நம்பி வண்டிய எடுக்கறேன்."

மாமா மதிலோரம் போய்க் குந்தினார். வெறும் தரையைப் பார்த்து, "கொடி போனாப் போகுது. எழுந்திருடா," என்றார். அன்றைக்கே யாராவது கத்தியிருக்க வேண்டிய வார்த்தை. சொன்னவர் நடுத்தெருவில் தோள் குலுங்க அழுதார். கண்டக்டர் பஸ்ஸுக்குத் திரும்பினார்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்துட்டானா?" என்று கேட்டார்.

அண்ணன் எழவில்லை. அதே இடத்தில் துழாவிக்கொண்டிருந்தான்.

"எழுந்துட்டாரு மாமா. நீங்க வண்டிய எடுங்க."

மாமா ஏறி உட்கார்ந்தார். அவன் அண்ணனைப் பார்த்தபடியே விசிலை ஊதினான்.