பாவில் விழுந்த போன்

அண்ணன் என் கன்னத்தில் அறைந்தபோது, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் பழைய எபிரேயத்தில் என்ன சொல் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பவர்லூம்கள் லுங்கி ஓட்டும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பைபிள் காலத்து நெசவை ஆராய்கிற பைத்தியம் நான் ஒருத்திதான். முனைவர் பட்டத்துக்குப் பெயரைப் பதிந்திருந்தது சென்னையில். அங்கே நூலகத்தில் என் துறைக்கு ஒரே ஓர் அலமாரி, அதில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மற்றதெல்லாம் இணையத்தில்தான் தேட வேண்டும்.

தேடப் பழகவே ஒரு வருஷம் பிடித்தது. தலைப்பைப் பார்த்து ஆசையாகப் போனால் காசு கட்டு என்று கதவைச் சாத்துவார்கள். வாயில் வராத கெட்ட வார்த்தையெல்லாம் வரும். பிறகு வழிகள் பிடிபட்டன. எவனோ ஒரு புண்ணியவான், பழங்காலத்தைப் பற்றிய ஆய்விதழ்களில் இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் கோத்து வைத்திருந்தான். உரிமைக் காலம் முடிந்த அகராதிகள் முழுசாக ஸ்கேன் செய்து கிடந்தன. பழைய எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளின் படங்களைச் சில அருங்காட்சியகங்கள் திறந்தே வைத்திருந்தன. எதுவும் அகப்படாவிட்டால் எழுதியவருக்கே மெயில் போடுவேன். முக்கால்வாசிப் பேர் அனுப்பிவிடுவார்கள். எல்லாவற்றையும் போனில் இறக்கி, பக்க ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். என் ஆய்வே அந்தப் போன்தான், வேறெங்கும் ஒரு நகல்கூடக் கிடையாது.

அந்தச் சொல்லைப் பற்றிய கட்டுரையோடு அன்று வந்த மெயிலில் அனுப்பியவரின் படமும் இருந்தது. வெள்ளை அங்கி, கழுத்தில் சிலுவை. அவர் பேராசிரியர், பாதிரியாரும்கூட. ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டிருந்த அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அறை விழுந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“இன்னாடி இது? பாதிரி உனக்கு இன்னாத்துக்கு லெட்டர் போடறான்?”

“நான் கேட்ட கட்டுரைய அனுப்பிகிறாருண்ணா. வாத்தியாரு அவரு.”

“நான் மாலை போட்டுகினு கீறேன், நீ ஊட்ல குந்திகினு பைபிள் படிக்கிறியா? மதம் மாறிட்டியா, சொல்லுடி!”

“மாறணும்னா உன்னக் கேட்டுகினா மாறுவேன்?”

இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. மாலை போட்டவன் கை ஓங்கக் கூடாது என்பது அவனுக்கு நினைவில்லை. போனைச் சுவரைப் பார்த்து எறிந்தான். அது சுவரில் பட்டுத் தெறித்து, ஓடுகிற தறியின் பாவுக்குள் விழுந்தது. ஊடு நூலை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்த நாடா அதில் மோதி நடுவிலேயே சிக்க, தறி ஓர் அடி அடித்தது. போன் நொறுங்கியது. நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் தெறித்தன. நைனா ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார்.

அண்ணன் அறுந்த பாவைப் பார்த்தான். பிறகு என் பின்னலைப் பிடித்து இழுத்துத் தறிக்கு முன்னால் தள்ளினான். “உன்னாலதான் அறுந்துச்சு. குந்தி ஒவ்வொரு இழையா முடி போடு.”

“குந்தும்மா. முடி போட்ரு, சரியாப் பூடும்,” என்றாள் அம்மா. என் உதட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் நூலில்தான் இருந்தது.

எங்களவர்கள் தறியில் ஏற்றிய பாவு முடியும்முன் அதில் கத்தி வைக்கமாட்டார்கள். சாவு விழுந்தால்கூடத் தறியை நிறுத்துவார்களே தவிர, பாவை அறுக்கமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். தறிமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, அறுபடாமல் மிச்சமிருந்த இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து ஓரத்திலிருந்து ஓரம்வரை வெட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்து சிறுபிள்ளை போல அழுதான். அடித்தது அம்மா. பிறந்ததிலிருந்து என்மேல் கை வைக்காதவள், தறியடியில் கிடந்த கட்டையை எடுத்து முதுகிலும் தோளிலும் மூச்சு வாங்க அடித்தாள். “உசுரோட இருக்கிற பாவ அறுத்துட்டியேடி, பாவி!” என்று கத்தினாள். என் உதட்டை அப்போதும் பார்க்கவில்லை.

இரண்டு சுடிதாரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கே.ஜி.கண்டிகை தாண்டும்போதுதான் முதுகு வலிக்கத் தொடங்கியது.

இப்போது திருத்தணியில், ஸ்டேஷன் பக்கம் ஓர் அறையில் இருக்கிறேன். பழைய போன் ஒன்றை வாங்கி, கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தேடி எடுத்துவிட்டேன். முன்பு அனுப்பியவர்கள் ஏன் என்று கேட்காமல் மறுபடியும் அனுப்பினார்கள். ஓரக் குறிப்புகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வாரா வாரம் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். முழுசாக மணி அடித்து நிற்கிறது.