வலப்பக்கம் காஜா வைத்த கோட்டு

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறட்டும் என்று ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள். அரியலூரில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேரின் கழுத்து இறக்கம் எனக்கு மனப்பாடம். பதினோரு வருஷமாக ரவிக்கை, சுடிதார், புடவைக்கு ஓரம் அடிப்பது, அவ்வளவுதான். ஆண்கள் துணியெல்லாம் கடைத்தெரு டெய்லர்களுக்குப் போய்விடும். வீட்டில் தைக்கிற பெண்ணிடம் எந்த ஆணும் சட்டைத் துணி கொடுப்பதில்லை. கொடுங்கள் என்று அவளும் கேட்பதில்லை. இது எனக்கு எப்போதும் எரிச்சல். துணி துணிதானே, அதில் ஆண் என்ன, பெண் என்ன?

அப்போதுதான் போனில் ஒரு வெளிநாட்டுக்காரி கோட்டு தைப்பதைப் பார்த்தேன். பட்டறை ஆட்கள் போடுகிற மாதிரி நேரான வெட்டு, கெட்டித் துணி, முன்னால் மூன்று பை, ஐந்து பட்டன், லைனிங் கிடையாது. ஜாக்கெட் என்றுதான் அவள் சொன்னாள். எங்கள் பக்கம் ஜாக்கெட் என்றால் ரவிக்கை என்பதால் நான் கோட்டு என்றே சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு சிமென்ட் ஆலையில் வேலை. காலை ஷிப்டுக்குப் பனியில் பைக்கில் போவார், தலையில் துண்டு, சட்டைக்குள்ளே நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு செய்தித்தாள். இந்தக் கோட்டை அவருக்குத் தைத்துவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

சொன்னதும் சிரித்தார். "தைச்சுக் குடு. ஆலையில காட்டுறேன், பத்து பேரு கேப்பான். அப்பறம் நீ ரவிக்கையெல்லாம் வுட்டுட்டு இதையே தைக்கலாம்" என்றார். இதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்காதீர்கள். ஏனென்றால் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வாசலில் 'ஆண்களுக்கும் தைக்கப்படும்' என்று ஒரு போர்டு. அதை எந்த நிறத்தில் எழுதுவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

குரும்பலூரில் அம்மா வீட்டுக்குப் போனபோது பெரம்பலூரில் இறங்கி அவள் போனில் கொடுத்திருந்த கோட்டின் வெட்டுப்படத்தை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டேன். முப்பத்து நாலு தாள். ஒட்டினால் ஒரு ஆள் அளவுக்குக் கோட்டின் துண்டுகள் கிடைக்கும். முதல் தாளில் ஒரு கட்டம் இருக்கும், அது சரியாக நாலு அங்குலம் இருந்தால்தான் மற்றதெல்லாம் சரி. டேப்பை வைத்துப் பார்த்தால் கால் அங்குலம் குறைந்தது. கடைக்காரர் "கால் அங்குலந்தானேம்மா" என்றார். கால் அங்குலம் குறைந்தால் அக்குள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்து நாலையும் திரும்பப் போட வைத்துத்தான் கிளம்பினேன்.

ஸ்கூல் பேன்ட்டுக்கு எடுக்கிற கருநீல டிரில் துணி. நனைத்துக் காயவைத்து, கூடத்தில் பாய் போட்டு, தாளைக் குண்டூசியால் குத்தி வெட்டினேன். அவருக்குத் தொப்பை இருக்கிறது, வெளிநாட்டுக்காரி அதை எதிர்பார்க்கவில்லை. வெட்டுவதற்கு முன்பே அங்கே ஒட்டுத்தாள் வைத்து விரித்திருந்தேன். பை சேரும் இடத்தில் துணி நாலு மடிப்பாக வரும். ரவிக்கை தைக்கிற ஊசி இரண்டு முறிந்த பிறகு தடித்த பதினாறாம் நம்பர் ஊசி வாங்கிவந்தேன். படத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன், போன் வைக்க ஓர் உள்பை. எனக்கு எடுத்த கலம்காரி ரவிக்கைத் துணியில் மிச்சம் இருந்தது, அரக்குச் சிவப்பில் மாங்காய் போட்டது. அதிலேயே அந்தப் பையைத் தைத்தேன். வெளியே தெரியாது, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும் என்று ஓர் ஆசை. அப்போது நான் அப்படி இருந்தேன்.

பட்டன் ஓட்டைக்கு, அதாவது காஜாவுக்கு, சாக்பீஸால் குறித்துக் கடைத்தெருவில் காஜா எடுப்பவரிடம் கொடுத்தேன். "லேடீஸ் கோட்டாம்மா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, "உங்க வேலையப் பாருங்க" என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன். அவர் கிண்டல் செய்யவில்லை. ஆண்கள் சட்டையில் காஜா இடப்பக்கம் வரும். பதினோரு வருஷம் ரவிக்கை தைத்த கை, யோசிக்காமல் வலப்பக்கம் குறித்துவிட்டது. வீட்டில் அவர் போட்டுப் பார்த்து, "என்னடி, பட்டன் எதிர்ப்பக்கமா வருது?" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டை போட்டது போட்டதுதான். உட்கார்ந்து அழுதேன். "அட, எவன் பாக்கப்போறான்? சூப்பரா இருக்கு" என்று தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம்!

அதற்குப் பிறகு தினமும் அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் கேட்பேன். "யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல, எவனும் ஒண்ணும் சொல்லல."

ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். ஒருநாள் மனசு பொறுக்காமல், "தையல் நல்லா இல்லியா? உள்ளதச் சொல்லுங்க" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. என்ன, வூட்டுத் தையல்னு பாத்தாலே தெரியுது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஒட்டிவைத்த தாள்களையெல்லாம் கத்தரித்துச் சமையல்கட்டு அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்தேன். தொப்பைக்கு விரித்த இடத்தில் புளி ஜாடி உட்கார்ந்தது. போர்டு நினைப்பையும் விட்டேன்.

தை மாதம் திருமானூரில் அவருடன் வேலை செய்பவர் வீட்டுக் குடிபுகுதல். விடியற்காலை முகூர்த்தம். பைக்கில் போனதால் அவர் கோட்டு போட்டிருந்தார். நான் அந்தக் கலம்காரி ரவிக்கை. பந்தியில் பொங்கல் சாப்பிட்டுக் கை கழுவும்போது ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி என்னிடம் வந்தார்.

"அண்ணி, அண்ணன் கோட்ட திருச்சியில எந்தக் கடையில எடுத்தாரு? மலைக்கோட்டைப் பக்கம்னு சொன்னாரு. ரெண்டு தடவ போயித் தேடிட்டேன், கெடைக்கல. எங்க செக்சன்ல ஏழெட்டுப் பேரு கேட்டுட்டே இருக்கோம். எக்ஸ்போர்ட் சரக்காமே, அதான் பட்டன்கூட எதிர்ப்பக்கமாம்."

கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, குழாயை மூடத் தோன்றவில்லை. என் தையல் திருச்சிக்குப் போய்விட்டது. என் தப்புகூட எக்ஸ்போர்ட் ஆகிவிட்டது. இருபது அடி தள்ளி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"அது கடையில வாங்குனது இல்ல தம்பி. நான் தைச்சது" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "சும்மா வெளயாடுறா" என்றார்.

என் முகத்துக்கு நேரே சொன்னார். பொய் சொன்னதைக்கூட விடுங்கள், நான் நிற்கும்போதே என்னைப் பொய்க்காரி ஆக்கினார். அந்தத் தம்பியும் மரியாதைக்குச் சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஈரக்கையாலேயே கோட்டைப் பிடித்து விரித்து உள்பையை வெளியே இழுத்துப் போட்டேன். போன் கீழே விழுந்தது. அரக்குச் சிவப்பில் மாங்காய். பக்கத்திலேயே என் தோளில் அதே மாங்காய். தம்பி பையைப் பார்த்தார், என் ரவிக்கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்ணி, அப்ப எனக்கு ஒண்ணு…" என்று ஆரம்பித்தார்.

"அவ ஆம்பளைங்களுக்கெல்லாம் தைக்க மாட்டா" என்றார் இவர்.

"அளவுச் சட்டை ஒண்ணு குடுத்துவிடுங்க தம்பி, போதும்" என்றேன் நான்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "பத்து பேரு கேப்பான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன். நீ இவ்வளவு நல்லாத் தைப்பேன்னு நான் எங்க நெனச்சேன்? ஆலையில இருக்குற பயலுவெல்லாம் அளவு குடுக்குறேன்னு நம்ம வூட்டு வாசல்ல வந்து நிக்கவா?"

மோசமாகத் தைத்திருந்தால் என்னை மறைத்திருக்க மாட்டார் போல. நன்றாகத் தைத்ததுதான் நான் செய்த குற்றம். தினமும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன், தினமும் அதே வாய் இல்லை என்று சொன்னது. அன்று மத்தியானம் அவர் தூங்கியபோது பிளேடை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஷிப்டு. "கோட்டு எங்கடி?" என்று கோட்டு மாட்டும் ஆணியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மேசையில."

மேசையில் முன்பக்கம் இரண்டும் முதுகும் கை இரண்டும் காலரும் பைகளும் தனித்தனியாக, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன.

"மாதிரித் தாளெல்லாம் கத்தரிச்சுட்டேன்ல. இதை வச்சுத்தான் இனிமே வெட்டணும்" என்றேன்.

"பனி கொட்டுது, நான் எதப் போட்டுட்டுப் போறது?"

"திருச்சியில அந்தக் கடையிலயே ஒண்ணு வாங்கிக்கங்க."