லீதியாள் சிஸ்டரின் தூரத்துச் சொந்தங்கள்

போன வாரம் திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். இரண்டாம் முறை பாயசம் கேட்டுக் கையை நீட்டிய நேரத்தில் செல்வியிடமிருந்து போன். செல்வி எங்கள் ஆராய்ச்சி மையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தவர்.

"சார், நம்ம லீதியாள் சிஸ்டர் போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலின்னாங்களாம். இன்னைக்கு நாலு மணிக்கு எடுக்குறாங்க, தரங்கம்பாடியில."

பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நகைச்சுவை எழுதியே பிழைத்துவிடலாம் என்று நம்பிய ஆள் நான். அந்த நம்பிக்கை கவிழ்ந்தபோது, மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பால்வினை நோய் ஆராய்ச்சி மையத்தில் தமிழ்ப் படிவங்கள் எழுதும் வேலை கிடைத்தது. அறிகுறி தெரியும் முன்பே தொற்றைக் கண்டுபிடிப்பது, பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தந்தால் பரிசோதனைக்குச் சரிவருமா என்று பார்ப்பது, இதுதான் ஆய்வு. சிஸ்டர் அங்கே தலைமை நர்ஸ்.

நான் எழுதிய முதல் ஒப்புதல் படிவம் "பால்வினைத் தொற்றுகளின் ஆரம்பநிலைக் கண்டறிதல் சார்ந்த இவ்வாய்வில்" என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் அரைப் பக்கம் ஓடியது. சிஸ்டர், பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "யாரு தம்பி செத்தது?" என்றார்.

"பாத்தீங்களா சார்? பயத்தோட வர்றவ படிக்கணும். நீங்க மேடையில நிக்கிறீங்க" என்றார் சிஸ்டர். ஏழு முறை திருத்தினேன். மிஞ்சியது இவ்வளவுதான்: 'உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். பாதியில் வேண்டாம் என்றாலும் சரி. உங்கள் பெயர் வெளியே போகாது.'

அந்த மூன்றாவது வரியில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பெயர் கசிந்தால் போதும், அந்தப் பெண்ணின் ஊர் பஸ்ஸிலிருந்து அப்புறம் ஒருத்தியும் எங்கள் வாசலுக்கு வரமாட்டாள். ஆய்வு கெடுவது இருக்கட்டும். மாத்திரையில் தீர வேண்டியது உள்ளேயே தங்கிப் பிள்ளைப்பேற்றையே கெடுத்துவிடும். அதனால் சிஸ்டர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆளுக்கொரு நெல்லின் பெயர் எழுதிய சீட்டு. "சீரகச் சம்பா, உள்ள வாங்க." போகும்போது ஒரு பாடமும் உண்டு: "யாராச்சும் கேட்டா, லீதியாள் சிஸ்டர் எனக்குத் தூரத்துச் சொந்தம், பாக்க வந்தேன்னு சொல்லுங்க." வந்தவர்களுக்கு மட்டும் சொன்னால் அதுவே அடையாளமாகிவிடும் என்று, வாசலில் இளநீர் விற்றவர், ஆட்டோக்காரர்கள், எதிர்வீட்டார் எல்லோரையும் சொந்தமாக்கிக்கொண்டார்.

ஒருநாள் ஒருவர் பைக்கைப் படியிலேயே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஊரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சிஸ்டர் எழுந்து வந்துவிடுவார். "எம் பொண்டாட்டி இங்க வந்தாளா?" என்று கத்தினார். நான் வீரத்தோடு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"உக்காருங்க. யாரு வந்தா, யாரு வரலைன்னு நான் சொல்றதில்லைங்க" என்றார் சிஸ்டர்.

"நான் புருஷன்ங்க!"

"சரிங்க. நாளைக்கு ஒரு அம்மா வந்து, எங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரான்னு கேட்டா சொல்லிடட்டுமா?"

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். "நான் ஏங்க இங்க வரப்போறேன்?"

"அதான் வந்துட்டீங்களே."

அரை மணி நேரத்தில் என் மூன்று வரியையும் படித்து, கையெழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "வெளிய கேட்டா என்னன்னு சொல்றதுங்க?" என்றார். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கிராமத்துப் பெண்கள் பஞ்சுக்குச்சியில் தாங்களே மாதிரி எடுப்பது நடக்காத காரியம் என்றார், மேற்பார்வைக்கு வந்த ஒரு பெரிய டாக்டர். "கட்டு நாத்தைப் பாக்காமலே பிரிச்சுப் பிரிச்சு நடுற கை சார் அது. ஒரு குச்சியைப் பிடிக்காதா?" என்றார் சிஸ்டர். பிடித்தது. முடிவுகள் வந்தபோது, அவர்கள் எடுத்தவை டாக்டர்கள் எடுத்தவற்றுக்குச் சளைக்கவில்லை. தஞ்சாவூரில் நடந்த கூட்டத்தில் அதே பெரிய டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். சிஸ்டர் என் பக்கம் சாய்ந்து, "தட்டட்டும் சார். கொஞ்சம் கை வலிக்கட்டும்" என்றார்.

வம்பு என் தொழில் என்பதால், அவர் வாயிலிருந்து ஒரு பெயரையாவது கறந்துவிட வருடக்கணக்கில் முயன்றேன். சந்திரகலா ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு சார்" என்பார். அவ்வளவுதான். கடைசியில் ஒருநாள், "படிவம் எழுதினவரு ஒரு தடவை அதுல கையெழுத்துப் போட்டுப் பாக்க வேணாமா?" என்று என்னையே உட்கார வைத்தார். எனக்கு வந்த சீட்டு மாப்பிள்ளைச் சம்பா. நான் அடித்த எந்த ஜோக்குக்கும் அவர் சிரிக்கவில்லை. முடிவு என்ன என்பதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை. ஊர்க்கதையெல்லாம் எழுதுகிறவனுக்கு, சாத்திய கதவின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலையில் அட்சதையும் இடுப்பில் பட்டு வேட்டியுமாகத் தரங்கம்பாடிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இடம் கொள்ளாத கூட்டம். வாசலில் சிஸ்டரின் அண்ணன் டேனியல் சார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன உறவு?"

"தூரத்துச் சொந்தங்க" என்றார், நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர்.

"சொந்தம்தான். கொஞ்சம் தூரம்" என்றார், முக்காடு போட்ட ஓர் அம்மா. வேதாரண்யத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. உப்பளத்து வேலைக்காரர்கள். வேன் முழுக்கத் தூரத்துச் சொந்தம்.

டேனியல் சார் திகைத்துப்போனார். "எங்க அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. இத்தனை பேரு எங்கேர்ந்து வந்தீங்க?"

கூட்டத்தில் இளநீர்க்காரரும் ஆட்டோக்காரர்களும் இருந்தார்கள். இதில் யார் யார் என்று யாராலும் பிரிக்க முடியாது. சிஸ்டர் போட்ட கட்டு, அவர் போன பிறகும் அவிழவில்லை. முகங்களைப் பார்ப்பதற்கென்றே பிறந்த நான் தரையையே பார்த்து நடந்தேன். என் ஆயுளில் நான் இருந்த ஒரே விரதம் அது.

என் முறை வந்தது. கூட வேலை பார்த்தவன், படிவம் எழுதியவன் என்று தாராளமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதில் ஒரு மறைவும் தேவையில்லை.

"தூரத்துச் சொந்தம் சார்" என்றேன்.

அவர் என் பட்டு வேட்டியைப் பார்த்தார், அட்சதையைப் பார்த்தார். பிறகு கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டார். "சொந்தக்காரங்க எல்லாம் முன்னாடி வாங்க" என்றார். எல்லோரும் போனோம். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் பின்வரிசையே இல்லை.

சிஸ்டர் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது அந்த உறவுதான். பங்காளிகள் ஏராளம். ஒரு சண்டை கிடையாது.