அத்தான் இறக்கிய அரைக்கட்டை

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு ஸ்டுடியோ வட்டாரத்தில் ஸ்டெப்னி என்று பெயர். கார் டிக்கியில் சும்மா கிடக்குமே, உபரிச் சக்கரம், அதுதான். ஒரு டயர் பஞ்சரானால்தான் அதன் ஞாபகம் வரும். எவனோ ஒரு கிட்டார்காரன் ஜுரம் என்று படுத்தாலோ, சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனாலோ அத்தானுக்கு போன் வரும். அரை மணி நேரத்தில் கிட்டாரோடு வந்து நிற்பார். அந்தப் பெயரை வைத்த ஆளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை. அத்தானுக்கோ அதில் ஒரு வருத்தமும் கிடையாது. "ஸ்டெப்னி இல்லாத வண்டியில நீ தைரியமா வெளியூர் போவியா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

முப்பத்தொரு வருஷமாக அடுத்தவர் பாட்டுக்கு வாசிப்பதுதான் அவர் பிழைப்பு. எத்தனை பாட்டு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எந்தக் கேசட் உறையிலும் அவர் பெயர் இருக்காது. முடி வெட்டும் கடையில் அவர் வாசித்த பாட்டு ஓடும். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். துணிக்கு அடியில் இடது கை விரல்கள் மட்டும் சும்மா இருக்காது. "ஆடாதீங்க சார், காது போயிடும்" என்பார் கடைக்காரர். வலது கை நகங்களை வளர்த்து, தேய்த்து, பசை தடவிக் காப்பாற்றுவதைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "நான் படுத்துக் கிடந்தப்பகூட இந்தக் கவனிப்பு இல்ல. இந்த மனுஷன் கட்டிக்கிட்டது என்னையா, நகத்தையா?" பாத்திரம் தேய்ப்பதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த நகம் என்பது அவள் கட்சி. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

நான் சவுண்டு என்ஜினியர். படித்து முடித்து மூன்று வருஷம் வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்டுடியோ முதலாளி முன்னால் நிறுத்தியவர் அத்தான்தான். "இவனுக்குக் கோபம் ஜாஸ்தி, ஆனா காது நல்ல காது" என்று சிபாரிசு செய்தார். இரண்டுமே உண்மை. நான் இன்று மனிதனாக நடமாடுவது அவரால். அதை ஒருநாளும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. மச்சினனுக்கும் அத்தானுக்கும் நடுவில் கிண்டல்தான் ஓடும், இதெல்லாம் ஓடாது.

ஆனால் அவர் நன்றி சொல்ல ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. எல்லாம் ஒரே ஒருவருக்கு. பெரியக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் பாடகிக்கு. அந்தக் கதையைக் கேட்காமல் அக்கா வீட்டிலிருந்து எந்த விருந்தாளியும் தப்பித்ததில்லை. அத்தானுக்கு அப்போது இருபத்து நாலு வயது. முதல் ரெக்கார்டிங். நான் இப்போது வேலை செய்யும் இதே ஸ்டுடியோ கட்டடம், இதே பெரிய கூடம். அந்தக் காலத்தில் நாற்பது வாத்தியக்காரர்களும் பாடகியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிய வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் முதலிலிருந்து. மூன்றாவது சரணத்தில் பெரியக்கா உச்சிக்குப் போகும் இடத்தில் கிட்டாருக்கு ஒரு சின்ன வேலை. அத்தான் இரண்டு தடவை அதில் கோட்டை விட்டார். பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசையமைப்பாளர், "இன்னொரு தடவை தப்பு வந்தா கிட்டார் வீட்டுக்குப் போகலாம்" என்றார். மூன்றாவது தடவையும் அதே இடம், அதே தப்பு. அத்தான் தானாகவே கிட்டாரைப் பெட்டியில் வைக்கக் குனிந்துவிட்டார். பெரியக்கா பாட்டை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாராம். "மன்னிச்சுக்கோங்க, நான் வரியை மறந்துட்டேன்."

நாலாவது தடவை சரியாக வந்தது. அந்தப் பாட்டு இன்றைக்கும் ஓடுகிறது. "அவங்க அந்த ஒரு பொய் சொல்லலேன்னா நான் இன்னிக்கு எங்கேயோ மூட்டை தூக்கிட்டு இருப்பேன்" என்று அத்தான் கதையை முடிப்பார். "தூக்கியிருந்தா முதுகாவது நேரா இருந்திருக்கும்" என்பாள் அக்கா.

போன மாதம் அந்தப் பாட்டையே பெரியக்காவை வைத்து மறுபடி பதிய ஒரு கம்பெனி வந்தது. அவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. 'அதே பாட்டு, அதே குரல், அதே சுருதி' என்று தண்டோரா போடாத குறையாக அறிவித்துவிட்டார்கள். முதலில் கிட்டாரும் குரலும் மட்டும். மற்ற வாத்தியங்களைப் பிறகு மேலே சேர்ப்பதாக ஏற்பாடு. பெரியக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: கிட்டாருக்கு அந்தத் தம்பிதான் வர வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருக்கும் பஞ்சராகாமலே அத்தானுக்கு போன் வந்தது. பதிவன்று காலை இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

பழைய பதிவைக் கேட்டுப் பார்ப்பதற்காக மாடி அறையிலிருந்து டேப் பெட்டியை இறக்கி வைத்திருந்தேன். எங்கள் முதலாளி ஒரு முழத் துண்டு டேப்பைக்கூட எறியாத மனிதர். பெட்டியில் இரண்டு சுருள் இருந்தன. ஒன்றில் கடைசியாகச் சரியாக வந்த நல்ல டேக். இன்னொன்றின் மேல் 'வேண்டாதவை' என்று எழுதியிருந்தது. நல்லதை மட்டும் ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டுப் பெட்டியை என் மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

முதல் டேக்கில் இரண்டு சரணம் வரை அருமையாகப் போனது. மூன்றாவதில், அந்த உச்சியில், பெரியக்காவின் குரல் உடைந்தது. இரண்டாவது டேக்கில் அந்த இடத்துக்குப் போவதற்கு முன்பே இருமல் வந்துவிட்டது. வெந்நீர் குடித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவசரமே இல்லம்மா" என்றார் இந்தத் தடவை வந்திருந்த இசையமைப்பாளர். சின்ன வயது, ஆனால் மரியாதை தெரிந்தவர். அவருக்குப் பின்னால் சோபாவில் சாய்ந்திருந்த கம்பெனிக்காரருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. போனை எடுத்து யாரிடமோ, "அந்தப் புதுப் பொண்ணு மத்தியானம் ஃப்ரீயான்னு கேளுங்க. இந்தம்மாவால முடியாது போலிருக்கு" என்றார்.

கூடத்தில் இருப்பவர்களோடு பேசுவதற்கு என் மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் நாங்கள் பேசுவது அங்கே கேட்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியக்கா சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: என் முழங்கை அந்தப் பொத்தான் மேல் இருந்தது. இருபது வருஷ சர்வீஸ், நல்ல காது, இத்தனையும் இருந்து நான் செய்த காரியம் அது. பெரியக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குரலில் கோபம்கூட இல்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை பாடிப் பார்க்கிறேன். வரலேன்னா அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக்கோங்க" என்றார்.

இசையமைப்பாளர் முகம் சிவக்க எழுந்து கம்பெனிக்காரரை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அத்தான், "ஒரு கம்பி இறங்கிப் போச்சு. அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார்.

மைக் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும். ஒரு கம்பி இறங்கினால் அந்த ஒன்றைத்தான் ஏற்றுவார்கள். இவர் ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். அளவாக, அரைக்கட்டை. சுருதி அவ்வளவு இறங்கினால் பாடுகிறவருக்கு உச்சியும் அவ்வளவு கீழே வந்துவிடும். என் எதிரில் இருந்த, சுருதி காட்டும் மீட்டரிலும் அது தெரிந்தது. நிமிர்ந்தேன். கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்ற பார்வை. தப்பான சுருதியில் பதிவானால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் என் முழங்கை செய்த வேலைக்குப் பிறகு நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது? வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். ரெக்கார்டிங் விளக்கைப் போட்டேன்.

முதல் வரியிலேயே பெரியக்காவின் கண் ஒரு நொடி திறந்து அத்தான் பக்கம் போனது. பிறகு மூடிக்கொண்டது. இரண்டு சரணம் போயிற்று. மூன்றாவதில் உச்சிக்கு ஏறினார், அங்கேயே நின்றார், நிதானமாக இறங்கினார். அறுபத்தாறு வயது அந்தக் குரலில் நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் மூக்கைச் சிந்துகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இசையமைப்பாளருக்கு உட்கார முடியவில்லை. "பிரமாதம்மா!" என்று சொல்லிக்கொண்டே, பதிந்ததை ஓடவிடச் சொல்லி, கூடவே கீபோர்டில் கையை வைத்தார். ஒட்டவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "என்ன இது? அரைக்கட்டை கம்மியா இருக்கே?"

"என்னது?" என்று கம்பெனிக்காரர் சோபாவிலிருந்து எழுந்தார்.

அத்தான் கிட்டாரோடு மைக்குக்குக் கிட்டே வந்தார். "தப்பு என்னோடது சார். மீட்டரைச் சரியாப் பார்க்காம சுருதி சேர்த்துட்டேன். அக்கா நான் குடுத்த சுருதிக்குத்தான் பாடினாங்க."

முப்பத்தொரு வருஷமாக வாசிக்கிற ஆள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சமையல்காரர் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்கிற மாதிரி. சாயங்காலத்துக்குள் எல்லா ஸ்டுடியோவுக்கும் போய்விடும். அவர் வாய் மூடுவதற்குள் பெரியக்கா, "இல்ல, நான்தான் இறக்கச் சொன்னேன்" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, "மீட்டர் என் முன்னாலதான் இருந்தது. பார்த்துட்டுச் சும்மா இருந்தேன்" என்று நானும் உளறினேன்.

இசையமைப்பாளர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "தப்பு எனக்குத்தான்னு மூணு பேர் அடிச்சுக்கறதை இப்பதான் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். கீபோர்டும் அரைக்கட்டை இறங்கி வந்து குரலோடு உட்கார்ந்துகொண்டது. "எனக்கு இவ்வளவுதான் வேலை. இந்த டேக்கை நான் விடமாட்டேன்."

"அதே சுருதின்னு அறிவிச்சுட்டோமே" என்று கம்பெனிக்காரர் இழுத்தார்.

"அந்த 'அதே' எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார் பெரியக்கா. "அறுபத்தாறு வயசுக் குரல்னு போடுங்க. எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்ல. இவ்வளவு நேரம் இருந்துச்சு, இப்ப இல்ல."

கம்பெனிக்காரர் தோளைக் குலுக்கினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வராந்தாவில் டீ குடிக்கும்போது பெரியக்கா அத்தானைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் ஒட்டுக்கேட்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். நான் உனக்காகப் பொய் சொன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமே. அப்படி ஒண்ணும் இல்லப்பா. அன்னிக்கு நான் நிஜமாவே வரியை மறந்துட்டேன். நான் நிறுத்தினதாலதான் உன் விரல் தடுமாறிச்சு. நீ எனக்கு நன்றி சொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."

அத்தான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிக்கா" என்றார். கார் கதவு வரை போய் அவரை ஏற்றிவிட்டு வந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போச்சு அத்தான், முப்பத்தொரு வருஷ நன்றி விலாசம் தப்பிப் போயிடுச்சு!"

அவர் கிட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்றாங்கடா. இனிமே நான் இதைச் சுமக்க வேண்டாம்னு இறக்கி வெக்கப் பார்க்கிறாங்க. என் விரல் வழுக்கினப்ப அவங்க பாடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. எனக்குத் தெரியாதா?"

"டேப் இருக்கே, போட்டுப் பார்த்துடலாமா?"

"எனக்கு எதுக்கு? உனக்குச் சந்தேகம்னா நீ கேளு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

எனக்குச் சந்தேகம்தான். அவர் போனதும் 'வேண்டாதவை' சுருளை மாட்டினேன். இரண்டு தடவை கிட்டார் தவறியது, அத்தான் சொன்ன அதே இடத்தில். பழைய இசையமைப்பாளரின் அந்த எச்சரிக்கையும் அப்படியே இருந்தது. மூன்றாவது டேக். முதல் சரணம், இரண்டாவது சரணம். மூன்றாவதில் பெரியக்கா ஏறுகிறார். கிட்டார் வழுக்குகிறது, குழந்தைக்குக்கூடத் தெரியும் அந்தத் தப்பு. குரல் நிற்கவில்லை. அடுத்த சொல் வருகிறது, சுத்தமாக. அதற்கடுத்த சொல்லும் வருகிறது. அதன் பிறகுதான் நிற்கிறது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. எங்கோ ஒரு பெட்டியின் கொக்கி திறக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. உடனே, மூச்சு வாங்க, அவசரமாக ஒரு பெண் குரல்: "மன்னிச்சுக்கோங்க, நான் வரியை மறந்துட்டேன்."

திரும்பத் திரும்ப மூன்று தடவை ஓட்டிக் கேட்டேன். பிறகு அத்தானுக்கு போன் போட்டேன்.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன் அத்தான்." வைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், வைக்க முடியவில்லை. "அன்னிக்கு என்னைக் கூட்டிட்டு வந்து முதலாளி முன்னால நிறுத்தினீங்களே. நான் உங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. ரொம்ப நன்றி அத்தான்."

"சரி சரி," என்றார். "அந்த டேப்பைப் பத்திரமா வை."