சத்தத்துக்கும் சேர்த்து ஒரு வீடு

வீட்டுத் தரகர்களில் எனக்குத் துளியும் நம்பிக்கை இருந்ததில்லை. திருகோணமலை நகரத்துக்குள் நல்ல வீடுகளெல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. மிஞ்சியதைக் காட்ட வருகிறவர்கள் ஓடு உடைந்த கூரையைக்கூடக் காற்றோட்டம் என்பார்கள். கடைசியாக எங்களுக்கு வீடு பிடித்துத் தந்த தரகர், என் மகள் நதீஷாவைப் பற்றி வீட்டுக்காரரிடம் வாயே திறக்கவில்லை. ஒன்பது வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் பதிலுக்குப் பெருங்குரலெடுத்துக் கத்துவாள். அயலவர்கள் பொறுக்கவில்லை. மாத முடிவுக்குள் வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

அப்படித்தான் பரீதா என்ற தரகரைத் தேடிப் போனேன். எல்லாருக்கும் அவர் பரீதா ராத்தா, அதாவது அக்கா. கிண்ணியாவில் பிறந்தவர், ஐம்பது தாண்டியவர், முக்காட்டுக்கு மேல் தலைக்கவசம் மாட்டி ஸ்கூட்டியில் வருவார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரையோ சாயத்தையோ பார்க்கமாட்டார். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பார். உவர்த்தால் அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு கதையில்லை.

அதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "இவங்கட புள்ள சத்தம் போடும்" என்று தொடங்கிவிடுவார். உடனே வீட்டுக்காரர்களுக்குக் கனடாவிலிருந்து மகன் வருகிற ஞாபகம் வந்துவிடும். இத்தனை மகன்மார் ஒரே கிழமையில் ஊர் திரும்புவது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சாம்பல்தீவு வழியில் என் பொறுமை போய்விட்டது. முதலிலேயே இதைச் சொன்னால் ஆர் வீடு தருவினம் என்று நடுத்தெருவில் வைத்துச் சீறினேன். அவர் ஸ்கூட்டியை நிறுத்தினார். கோபப்படவில்லை.

"புள்ளைய ஒளிச்சு வெச்சா வீடு எடுக்கிற, ஜெயரூபி? அவளும் இருக்கத்தானே வீடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

நேரே பாலையூற்றுக்குக் கொண்டுபோனார். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதி காலி. கடலுக்குப் போகிற என் கணவரின் உழைப்புக்குக் கட்டுப்படியாகிற வாடகை. தண்ணீரும் நல்ல தண்ணீர். வீட்டுக்காரி மாகிரட் அன்ரி எல்லாவற்றையும் கேட்ட பிறகும் மறுக்கவில்லை.

"நான் அங்கால றோட்டில இருக்கிறன், எனக்கொண்டுமில்லை. ஆனா இது ஒத்தைக் கல்லுச் சுவர், சத்தம் அப்படியே அங்கால கேக்கும். மற்றப் பக்கத்தில இருக்கிற ஆள் ஓமெண்டு சொல்லோணும்."

அயல் என்றாலே எங்களுக்கு முடிவு தெரியும். மாகிரட் அன்ரியோ என்னைப் பார்க்கவில்லை, பரீதா ராத்தாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்தான்," என்றார் ராத்தா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அங்கால இருக்கிறது நான்தான், தங்கச்சி."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மற்றப் பாதியின் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். பக்கத்தில் வந்து இருங்கள் என்று சொன்ன மனுஷியை நான் அன்றுதான் கண்டேன். வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். அவர் உள்ளே போய், நடுச்சுவரோடு கிடந்த தன் கட்டிலை அதைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.